தட்டுகிற வீடு

ஜெனீவா
12 மார்ச் 2023

என் தேவாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நீ எழுதியிருந்த தாளின் மறுபக்கம் முழுக்க உங்கள் கடையின் போன வருஷத்து ஆடித் தள்ளுபடி நோட்டீஸ். அதைத்தான் முதலில் படித்தேன். ‘இரண்டு சுங்குடி எடுத்தால் ஒன்று இலவசம்’ என்று இந்தக் குளிரில் உட்கார்ந்து படித்தபோது, ரங்கநாதன் தெரு நெரிசலில் உன் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தது ஞாபகம் வந்துவிட்டது. விட்டுவிட்டால் நான் தாம்பரத்தில்தான் கிடைப்பேன் என்று பயமுறுத்துவாயே, பாவி.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு இந்தத் தபால் என்று இங்கே கேலி செய்கிறார்கள். போனில் நீ மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டாய், உன் பேச்செல்லாம் பேனாவில்தான் வரும் என்று சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை.

என்னைப் பெற்ற அம்மி எப்படி இருக்கிறாள்? நான் கேட்டால் மகளுக்கு ‘நல்லா கீறேன் பேட்டி’ என்பதோடு சரி. முட்டி வலியை மறைக்கிறாள் என்று தெரியும். இங்கே வா என்றால் வரமாட்டாள். ரோட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறேன் என்றாலும், ‘உங்க அப்பா கட்டுன செவுரு’ என்று ஆரம்பித்துவிடுவாள். ஆற்றுக்கு முதல் வரிசை, அதிலும் முதல் வீடு. சென்னையில் மழை என்று செய்தியில் பார்த்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை, தேவா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நிறுவனம் வெள்ளம் வருமுன் போனில் எச்சரிக்கிற ஒரு செயலி செய்கிறது. இதுவரை இந்த மாதிரி வேலையெல்லாம் முழங்கால் தண்ணீரைக்கூடப் பார்க்காதவர்கள் செய்ததுதான். வெள்ளத்தில் நின்றவர்களே இதை வடிவமைக்கட்டும் என்று ஒரு வருஷம் சண்டை போட்டேன். ஒத்துக்கொண்டார்கள். முதல் இடம் எது தெரியுமா? சைதாப்பேட்டை, நம் ஆற்றோரம்!

எங்கள் தேனாம்பேட்டை அலுவலகத்திலிருந்து புகழேந்தி என்பவர் வருவார். நீ பெண்களைக் கூட்டு. எல்லாரும் பேசவேண்டும், முக்கியமாக அம்மி பேசவேண்டும். பிறகு நாற்பது ஊருக்குக் கொண்டுபோவோம் என்று மேடையில் நான் பேசினாலும் என் மனதில் இருப்பது ஒரே ஒரு வீடு. இவ்வளவு தூரத்திலிருந்து அம்மிக்கு நான் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். அதைச் சரியாகச் செய்ய உதவி செய்.

உன்
ஜுவே


சைதாப்பேட்டை
16 ஏப்ரல் 2023

ஜெனீவா மகாராணி ஜுவேரியாவுக்கு, நான்காம் வரிசை தேவானை வணக்கத்தோடு எழுதுவது.

இங்கே நானும் என் வீட்டுக்காரர் சேட்டுவும் மகள் தமிழ்மொழியும் சுகம். சேட்டுவின் ஆட்டோவுக்குத்தான் சுகமில்லை. தமிழ்மொழி காலேஜில் இரண்டாம் வருஷம், என்னைவிட உயரமாகிவிட்டாள். கடையில் கருணாகரன் அண்ணாச்சி உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார். ஆனால் உட்கார்ந்தால் முறைக்கிறார். உன் அம்மிக்கு முட்டி வலி இருக்கிறது, நோன்பையும் விடவில்லை. நேற்று மசூதியிலிருந்து கஞ்சி வாங்கி வந்தேன். சின்ன வயதில் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்போமே, உன் தலையில் இருக்கும் துப்பட்டாவைப் பாதி இழுத்து நானும் போட்டுக்கொள்வேன். கஞ்சி ஊற்றுகிற பெரியவருக்கு நான் யார் வீட்டுப் பெண் என்று நன்றாகத் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை.

நீ சொன்னபடி கூட்டம் நடந்தது. அங்கன்வாடியில் முப்பத்தெட்டு பெண்கள். புகழேந்தி நல்ல பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். வெள்ளம் வந்தால் எங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொன்றையும் மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். எங்களை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லையா, ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாம் வரிசை நிலா எழுந்து, “போன் எங்கூட்டுக்காரர் கைல கீது. அவரு காலீல எட்துக்கினு பூடுவாரு. மணி அங்க அட்ச்சா எனக்கு இன்னா பிரயோஜனம்?” என்றாள். அதனால் வீட்டுக்கு இரண்டு நம்பர் என்று முடிவாயிற்று, ஒன்று கட்டாயம் பெண்ணுடையது.

உன் அம்மி சொன்னாள், “எழுத்து வந்தா கண்ணாடி தேடணும். கண்ணாடி தேடுறதுக்குள்ள தண்ணி இடுப்புக்கு வந்துடும் பேட்டா. பேசுற மாதிரி வை.” உடனே புகழேந்தி ஒரு குரலைப் போட்டுக் காட்டினார். ‘பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு’ என்று ஆரம்பித்ததுதான் தாமதம், அங்கன்வாடியே சிரித்தது. “அய்ய, இது ரயிலு லேட்டுனு சொல்ற பொம்பளயாச்சே! இது சொன்னா நான் இன்னொரு டீ குட்சிட்டுப் பொறுமையா வருவேன்” என்றாள் நிலா.

அப்புறம் யார் குரல் என்று பேச்சு வந்தது. தெரிந்த குரலாக இருக்கவேண்டும், கேட்டால் எழுந்து ஓடத் தோன்றவேண்டும் என்றார்கள். உன் அம்மி என்னைக் காட்டினாள். “இவ சொன்னா நான் கேப்பேன்.” ஆடி மாதம் கடை வாசலில் மைக் பிடித்துக் கூவுகிறவள்தானே என்று எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். அங்கேயே பதிவு செய்தார்கள். ‘தண்ணி வருதும்மா! எடுத்ததைப் போட்டுட்டு மேல போங்க. நிக்காதீங்க, மேல போங்க!’ மூன்று தடவை சொல்லவைத்தார்கள். எனக்கே மயிர் கூச்செறிந்தது.

போதுமா உன் வடிவமைப்பு? எனக்கு ஒரு நாள் லீவு போயிற்று. வரும்போது சாக்லேட் கொண்டு வா.

உன் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போன
தேவானை


ஜெனீவா
28 மே 2023

தேவா கண்ணு,

உன் குரலை எங்கள் கூட்டத்தில் போட்டார்கள். பதினோரு பேர், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்! உள்ளூர்ப் பெண்ணின் குரல் என்பதுதான் இந்தத் திட்டத்திலேயே சிறந்த யோசனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மியின் யோசனை என்று நான் சொல்லிக்கொண்டே திரிகிறேன்.

இன்னொரு நல்ல செய்தி. எச்சரிக்கை எல்லா வீட்டுக்கும் ஒரே நொடியில் போகும். முதல் வரிசை, ஐந்தாம் வரிசை என்று முன்னே பின்னே கிடையாது. யாரும் யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். இதற்காக வாதாடியது நான்தான். இனி அம்மிக்கு யாராவது வந்து சொன்னால்தான் தெரியும் என்ற நிலைமை இல்லை. இதை எழுதும்போதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

நேற்று இங்கே நல்ல மழை. ஜன்னலோரம் நின்றேன். நாம் ஒன்பதாவது படித்த வருஷம் வந்த மழையில், உன் நைனா எங்கள் தையல் மெஷினைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து போனாரே, அது அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. பின்னாலேயே என் அப்பா மெஹபூப் அலி, சைக்கிள் கடை டயர்களைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு. அவரைப் பார்த்து நாம் சிரித்ததற்கு இரண்டு பேருக்கும் அடி விழுந்தது. உங்கள் வீட்டில் ஒன்பது நாள் தங்கினோம். என்ன பாசம் உன் நைனாவுக்கு! இரண்டு பேருமே இப்போது இல்லை என்று நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

ஜுவே


சைதாப்பேட்டை
8 அக்டோபர் 2023

அடி ஜுவே,

ஒத்திகை நடந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் நான் கத்தினேன். சுவருக்குச் சுவர் என் குரல். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சேட்டு தலையில் கை வைத்துக்கொண்டு, “வூட்ல ஒண்ணு பத்தாதுன்னு போன்லயும் நீயாமே?” என்றார். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ‘நிக்காதீங்க, மேல போங்க’ என்கிறார்கள். மார்க்கெட்டில் கீரைக்காரிகூடச் சொல்கிறாள்.

உன் அம்மி போனைக் கைக்குட்டையில் சுற்றி மாடத்தில் வைத்திருக்கிறாள். மழை மாதம் முடியும்வரை வெளியே எடுக்கமாட்டாளாம். “ஜுவே குட்த்தது. சார்ஜு தீந்துட்டா எப்படி?” என்கிறாள். உன்னிடம் பேசுவதற்கு என் போனைக் கேட்கிறாள், அதுதான் வேடிக்கை.

இரண்டாம் வரிசையில் பாதிப் பேரைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலியான வீடுகளைக் கதவோடு இடித்துவிட்டார்கள். நம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற சந்து இப்போது வெட்டவெளி. எங்களுக்கும் அங்கே வீட்டு டோக்கன் வரும் என்கிறார்கள். வந்தால் பார்க்கலாம்.

தீபாவளிக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. கால் வீங்கியிருக்கிறது, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

தேவானை


சைதாப்பேட்டை
17 டிசம்பர் 2023

அன்புள்ள ஜுவேரியா,

நாங்கள் எல்லாரும் நலம். டிசம்பர் நாலாம் தேதி மதியம் தண்ணீர் வந்தது. செயலி சரியாக அடித்தது. எல்லாரும் மெயின் ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டோம். உயிர்ச்சேதம் இல்லை. முதல் மூன்று வரிசையில் சாமான் எல்லாம் போயிற்று. எங்கள் வீட்டில் இடுப்பளவு.

உன் அம்மி நலம். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. கொஞ்சம் சளி. இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். கவலைப்படாதே.

சேறு எடுக்கிற வேலை நிறைய இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு
தேவானை


ஜெனீவா
14 ஜனவரி 2024

தேவா,

பொங்கல் வாழ்த்து. உன் கடிதம் ஏன் இவ்வளவு சுருக்கம்? ‘அன்புள்ள ஜுவேரியா’ என்று நீ எனக்கு எழுதி எத்தனை வருஷம் ஆகிறது? சேறு அள்ளிய களைப்பு என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே நடப்பதைக் கேள். புகழேந்தி அறிக்கை அனுப்பினார். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, ஒரே நொடியில் எல்லாருக்கும் தகவல், ஒரு உயிர்கூடப் போகவில்லை. அதைப் படித்துவிட்டு நான் அலுவலகக் கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். என் அம்மி வீட்டுக்குத் தண்ணீர் வருமுன் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்! அதுவும் உன் குரல் கேட்டு. நீயும் நானும் சேர்ந்து அவளைக் காப்பாற்றிவிட்டோம், தேவா.

மே மாதம் நாற்பது ஊர்களில் இதே மாதிரி ஆரம்பிக்கிறார்கள். ஆற்றோரம், கடலோரம், எல்லாம் நம்மை மாதிரி ஜனம். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெண்ணின் குரல், எல்லா வீட்டுக்கும் ஒரே நொடி. மாற்றம் ஒன்றும் வேண்டாம், சைதாப்பேட்டையில் செய்ததை அப்படியே செய்யுங்கள் என்று உத்தரவு. அந்தப் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது.

அதற்கு முன்னால் மார்ச்சில் தி.நகர் ஹோட்டல் ஒன்றில் கூட்டம். நீ பேசவேண்டும். பயப்படாதே, பத்து நிமிஷம். அன்றைக்கு என்ன நடந்தது என்று உன் வாயால் சொன்னால் போதும். நல்ல புடவை கட்டிக்கொண்டு போ. அண்ணாச்சியிடம் நான் வேண்டுமானாலும் லீவு கேட்கிறேன்.

சந்தோஷத்தில் மிதக்கும்
ஜுவே


சைதாப்பேட்டை
11 பிப்ரவரி 2024

ஜுவே,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று என் வாயால் சொல்லச் சொன்னாய். ஹோட்டலில் சொல்லமாட்டேன். உனக்குச் சொல்கிறேன். சொல்லமாட்டேன் என்று உன் அம்மியின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். சேட்டு ஆட்டோவைப் பாலத்துமேல் ஏற்றி நிறுத்தப் போயிருந்தார். நானும் தமிழ்மொழியும் வீட்டில். போன் அலறியது. பின்னாலேயே என் குரல். எடுத்ததைப் போட்டுட்டு மேல போங்க, நிக்காதீங்க. என் குரலே எனக்கு உத்தரவு போட்டது, ஜுவே. நானும் கேட்டேன். கைக்கு அகப்பட்டது பிள்ளையின் சர்டிபிகேட், ரேஷன் கார்டு, மிக்ஸி மட்டும். வெளியே வந்தால் சந்து முழுக்க ஜனம், எல்லாரும் மேலே ஓடுகிறார்கள். கூடவே ஓடினேன்.

இப்போது ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். நம் ஆற்றோரத்தில் தட்டுகிற வீடு, தூக்குகிற வீடு என்று உண்டா இல்லையா? முதல் வரிசைக்காரிக்குத்தான் தண்ணீர் முதலில் தெரியும். அவள் தன் சாமானைத் தொடமாட்டாள், நேராக மேலே ஓடி வந்து கதவைத் தட்டுவாள். அவள் தட்டினதும் மேல் வரிசைக்காரர்கள் இறங்கிப் போய் அவள் வீட்டுச் சாமானையும் கிழடு கட்டைகளையும் தூக்கி வருவார்கள். அதன்பிறகுதான் அவரவர் வீடு. உங்கள் வீடு தட்டுகிற வீடு, எங்கள் வீடு தூக்குகிற வீடு. என் நைனா உங்கள் மெஷினைத் தூக்கிப் போனது பாசத்தால் என்று எழுதியிருந்தாய். பாசம் இருந்தது. ஆனால் அது அவர் முறை. உங்கள் அம்மி தட்டினாள், அவர் போனார்.

அன்றைக்கு யாரும் தட்டவில்லை. தட்டவேண்டிய தேவையே இல்லையே, எல்லாருக்கும் ஒரே நொடியில் தெரிந்துவிட்டதே. யாரும் தட்டாததால் யாரும் இறங்கவில்லை. முதல் வரிசையில் மற்ற வீடுகளில் வயசுப் பிள்ளைகள் இருந்தார்கள், தாங்களே ஏறிவிட்டார்கள். உன் அம்மி மட்டும் தனி.

அஞ்சு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பொட்டலம் கொடுத்தார்கள். தமிழ்மொழி இரண்டு வாங்கிக்கொண்டு வந்து, “அம்மா, அம்மி எங்க?” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மணி நேரம், ஜுவே. மூன்று மணி நேரம் நான் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சேட்டுவும் நானும் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். உன் அம்மி கட்டில்மேல் டிரங்குப் பெட்டியை வைத்து அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள். மார்புவரை தண்ணீர். ஒரு கை ஜன்னல் கம்பியில். ஏறும்போது வழுக்கி அந்த மணிக்கட்டு உடைந்திருந்தது, அதே கையால்தான் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை அது என் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தது.

“உன் கொரலு கேட்டுச்சு பேட்டி. நீ வந்துக்கினு கீறேன்னு நெனச்சேன். அதான் தட்ட வர்ல. ஒவ்வொரு தபா கேக்கசொல்லோ தோ வந்துட்டா, தோ வந்துட்டான்னு நின்னுக்கினு இருந்தேன்” என்றாள். அழவில்லை. என்னைத்தான் தேற்றினாள்.

பதினாறு நாள் ஆஸ்பத்திரி, இப்போது திரும்ப அவள் வீட்டுக்கே போய்விட்டாள். நான் உனக்கு எழுதினபோது அவள் என் வீட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். அங்கே வைத்துத்தான் சத்தியம் வாங்கினாள். “ஜுவேகிட்ட நக்கோ சொல்லு, சொல்லவே வாணாம். எனக்காகச் செஞ்ச பொண்ணு அது. நெஞ்சு ஒடஞ்சி பூடும்.” எனக்கும் அது வசதியாக இருந்தது. என் தப்பும் அதற்குள் மறைந்துவிடுகிறதே.

அந்த மஞ்சள் தாளில் முப்பத்தெட்டு பெண்களில் ஒருத்திகூட ஏன் இதை எழுதவில்லை என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பால் பொங்கினால் அடுப்பைக் குறைக்கவேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? எங்களுக்கு அது அப்படி. என்ன வேண்டும் என்று கேட்டார்கள், இல்லாததை எல்லாம் சொன்னோம். இருந்ததைச் சொல்லத் தோன்றவில்லை. உன் மேல் பழி போடவில்லை. ஆனால் நாற்பது ஊரில் அப்படியே செய்யப்போகிறீர்கள் என்று நீ எழுதினதிலிருந்து எனக்குச் சோறு செல்லவில்லை. அந்த ஊர்களிலும் ஆற்றை ஒட்டி ஒரு வீடு இருக்கும். முட்டி வலிக்கிற ஒருத்தி இருப்பாள். என்னை மாதிரி ஒரு முட்டாளின் குரலைக் கேட்டு நின்றுகொண்டிருப்பாள்.

என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தேவானை


ஜெனீவா
7 ஏப்ரல் 2024

தேவா,

ஐம்பது நாளுக்குமேல் ஆகிவிட்டது. எழுத முடியவில்லை.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், உள்ளே வைத்துக்கொண்டு பாசமாக எழுத எனக்கு வராது. என் அம்மியை விட்டுவிட்டுப் போனாய். என் அம்மியை. நீ அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். செயலி என்ன சொன்னால் என்ன, உனக்குத் தெரிய வேண்டாமா? அப்புறம் இரண்டு மாதம் என்னை ஊரெல்லாம் பெருமை பேசவிட்டாய். உன் கடிதத்தை மூன்று தடவை கிழிக்கப் போனேன்.

அம்மிக்குப் போன் செய்தேன். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. கை எப்படி இருக்கிறது என்றேன். “பாத்ரூம் தரை ரொம்ப வழுக்குது பேட்டி, டைல்ஸ் மாத்தணும்” என்று சிரித்தாள். நானும் மாற்றலாம் என்றேன். வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

எத்தனை நாள் கழித்து என்று தெரியவில்லை, அந்த ஒன்பதாம் வகுப்பு மழை வேறு மாதிரி ஞாபகம் வந்தது. உன் நைனா மெஷினைத் தூக்குவதற்கு முன்னால் என்ன நடந்தது? அம்மி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தில் ஓடினாள். என் புத்தகப்பை தண்ணீரில் மிதக்கிறது, எடுக்கணும் என்று நான் அழுகிறேன். “அப்பறம், அப்பறம், மொதல்ல தட்டு” என்கிறாள். நான் தட்டினேன், தேவா. உங்கள் கதவை என் இரண்டு கையாலும் தட்டினேன். நீதான் திறந்தாய்.

எனக்குத் தெரிந்திருந்தது. ஜெனீவாவில் அந்தப் பதினோரு பேரில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் ஒரே நொடி என்று வாதாடியதும் நான்தான். யாரும் யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்று பெருமையாக உனக்கு எழுதியதும் நான்தான். உன்மேல் கோபம் தீரவில்லை. என்மேல் இருப்பது அதைவிடப் பெரியது.

உன் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். முதலில் தமிழில், நீ எழுதினபடியே. அப்புறம் அவர்களுக்குப் புரியும்படி. அந்த மக்கள் ஏன் முதலிலேயே இதைச் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டார். நாம் தப்பாகக் கேட்டோம், நானும் அந்த மக்களில் ஒருத்திதான் என்றேன். மே மாத வேலை நின்றுவிட்டது. தி.நகர் கூட்டமும் நடக்கவில்லை. என்மேல் வருத்தம்தான், பதவி வேறு ஆளுக்குப் போகிறது. நாற்பது ஊரிலும் முதலில் போய் ஒரு மழைக்காலம் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று மட்டும் எழுதி வாங்கிவிட்டேன்.

சைதாப்பேட்டைக்கு நானே வருகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சம்பளமில்லா லீவு. அம்மியோடு முதல் வீட்டில் இருப்பேன். மஞ்சள் தாள் கொண்டுவரமாட்டேன். முதலில் எந்த வீட்டுக்கு அடிக்கவேண்டும், யார் யாருக்குத் தட்டவேண்டும், இரண்டாம் வரிசையில் பாதி ஆள் இல்லாமல் போனதற்கு என்ன செய்வது, எல்லாம் உட்கார்ந்து பேசலாம்.

அதற்குமுன் எனக்கு ஒன்று தெரியவேண்டும். தண்ணீர் வந்து நாங்கள் தட்டினால் நீ இறங்கி வருவாயா? வேறு ஒன்றும் எழுதவேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுது.

ஜுவேரியா


சைதாப்பேட்டை
21 ஏப்ரல் 2024

ஜுவே,

நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

சத்தியத்தை மீறி உனக்கு எழுதிவிட்டேன் என்று உன் அம்மியிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. பெருநாளன்று தமிழ்மொழியிடம் சேமியா கொடுத்தனுப்பி, பாத்திரத்தை மட்டும் உங்கம்மா கொண்டாந்து குடுக்கணும்னு சொல்லு என்றாளாம். போனேன். திட்டினாள், நன்றாகத் திட்டினாள். அப்புறம் சாப்பிடச் சொன்னாள்.

வருவாயா என்று தண்ணீர் வருமுன், போன நவம்பரில் நீ கேட்டிருந்தாலும், இதென்னடி கேள்வி, வரமாட்டேனா என்றுதான் எழுதியிருப்பேன். மனசார நம்பித்தான் எழுதியிருப்பேன். அதனால் இந்தத் தடவை காகிதத்தில் எழுதிக் கொடுக்கமாட்டேன்.

நீ வா. மழை வரட்டும். வந்து என் கதவைத் தட்டு.

தேவானை